மேற்கோளாகிப் போன ஒப்பாரி

ஐப்பசி 3, வியாழன்

விடியலிலிருந்து மழை. மலையேற வேண்டிய நாள் பார்த்துப் பெய்கிற மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்து கண்ணைக் குத்த வருகிறது. வலது கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்துப் பார்த்தேன். பிரயோசனம் இல்லை.

தெமோதரைப் பாதையில் நடந்து தேயிலைத் தோட்டத்துப் பங்களா. சின்னத்துரை (இனி சி.து., மையாவது மிஞ்சட்டும்) வராந்தாவில் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார். என் காலில் அட்டைகள். அவர் காலில் ஒன்றுகூட இல்லை. அட்டைக்கும் ஆள் பார்த்துக் கடிக்கத் தெரிகிறது.

துரைமார் தமிழ்ப் பரீட்சையில் சி.து. தேறிவிட்டார். ஆட்களை ஏவுகிற அளவு தமிழ் வந்தால் போதும் என்று மற்ற துரைமார் அத்தோடு தமிழ் சொல்லித் தருகிற முன்ஷியை அனுப்பிவிடுவார்கள். புத்திசாலிகள். இவருக்கு இலக்கியப் பித்துப் பிடித்துவிட்டது. பதுளையில் துரைமார் கிளப்பில் இந்த மாதம் ஒரு கட்டுரை வாசிக்கப் போகிறாராம். தலைப்பு: 'தமிழ்ச் செய்யுளில் துக்கம்'. கட்டுரை இங்கிலீஷில், செய்யுள்கள் தமிழில். திருத்தித் தர வேண்டியது நான்.

"முன்ஷி, நீ பாரு. நல்லா இருக்கா?"

'நீங்கள்' என்ற ஒரு சொல்லை ஆறு மாதமாகச் சொல்லித் தருகிறேன். வரவில்லை. கூலிக்காரனிடம் பேசிப் பழகிய வாய்.

பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு மேற்கோள். யாரோ தொகுத்த திரட்டிலிருந்து அள்ளிக் கொட்டியது. பொங்கலில் மிளகு மாதிரி. கடிபட்டால்தான் இருப்பது தெரிகிறது, கடிபட்டதும் துப்பத் தோன்றுகிறது. 'தமிழர்கள் யாராவது இறந்தால் அழுவார்கள்' என்று ஒரு வாக்கியம். அதை நிரூபிக்க நாலடிச் செய்யுள் ஒன்று. அழுவார்கள் என்பதற்குச் சாட்சி எதற்கு? எந்த ஊரில் சிரிக்கிறார்கள்?

சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிற வாய். "நன்றாயிருக்கிறது, கொஞ்சம் குறைக்கலாம்" என்றேன்.

இறங்கும்போது பாதை முழுதும் சேறு. செருப்பு வார் அறுந்தது.

ஐப்பசி 6, ஞாயிறு

செய்ய வேண்டியவை: செருப்புத் தைக்க. மண்ணெண்ணெய். குடை. பல்லைப் பிடுங்க (பயம்).

மாலையில் தமிழ்ச் சபைக் கூட்டம், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் வேலாயுதர் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், சபைக்கு அவரே தலைவர், அவரே காரியதரிசி, காப்பி கொடுப்பதும் அவர் வீட்டில்தான். ஏழு பேர் வந்தோம். ஏழு பேரும் ஒருவருக்கொருவர் மேற்கோள் எறிந்துகொண்டோம். தபால் கந்தோர்ப் பெரியவர் தம் மருமகளின் கல்யாண வாழ்த்தைப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு கையறுநிலைப் பாட்டு. கணவன் செத்தவள் பாடுவது! 'மாலை' என்ற சொல் அதில் வருகிறதாம், ஆகவே சேர்த்தாராம். எல்லோரும் "ஆகா" என்றார்கள். நானும்.

இவர்களுக்கு மேற்கோள் என்பது சட்டைப் பொத்தான். துணியைச் சேர்த்துப் பிடிக்கிறதா என்று கேள்வி இல்லை. மினுக்கினால் சரி.

என் அந்தாதி, நூறு பாட்டு, சொந்தச் செலவில் அச்சடித்துக் கொடுத்து எத்தனை நாளாயிற்று. இவர்களில் ஒருவர் அதிலிருந்து ஒரு வரி எடுத்துச் சொன்னதில்லை. மிச்சப் பிரதிகள் கட்டில் காலுக்கு முட்டு.

ஐப்பசி 7, திங்கள்

மழை விட்டு மூடுபனி. பாடம் பாழ்.

போய் உட்கார்ந்து அரைமணி ஆகவில்லை, கீழே கூலிச் சனங்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஒப்பாரி. ஒருத்தி தொடங்க மற்றப் பெண்டுகள் சேர்ந்துகொள்ள, மலைச்சரிவு முழுதும் அதே சத்தம். சி.து. புத்தகத்தை மூடிவிட்டார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குசினி மாரிமுத்து தேநீர் கொண்டுவந்தபோது விசாரித்தேன்.

"ரெண்டாம் லயத்து ராக்காயியோட புள்ள போயிருச்சுங்க. பொம்பளப் புள்ள, கைக்கொழந்தை. ரெண்டு நாளாக் காய்ச்ச. காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வரமாட்டேன்னு நின்னுருக்கா. பெரிய கங்காணி வாசல்ல நின்னு சத்தம் போட்டாராம். தொட்டில்ல புள்ள அசையாமக் கெடக்கு, ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு வாரேன்னாளாம். விடல. பகல்ல கொழுந்த எடை போட்டுட்டு ஓடியாந்து பாத்தா சில்லுன்னு கெடக்கு. காலையிலயே போயிருச்சோ, அப்புறந்தான் போச்சோ. யாருக்குங்க தெரியும்."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வார்த்தைகள் அவ்வளவு தூரத்துக்குப் புரியவில்லை. ராகம் மட்டும். சி.து., "முன்ஷி, இது பாட்டா? இது செய்யுளா?" என்றார். "இல்லை, இது கூலிச் சனங்களின் வழக்கம்" என்றேன். வயிற்றிலிருந்து வருவதெல்லாம் இலக்கியமானால் ஏப்பமும் இலக்கியம்தான்.

பாடம் நடக்காததற்கும் சம்பளம் உண்டு. திரும்பிவிட்டேன்.

ஐப்பசி 10, வியாழன்

பல் பிடுங்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருவன் முழங்காலை என் மார்பில் ஊன்றிப் பிடுங்கினான். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே மலையேறினேன்.

சி.து.விடம் புதிய பிரதி. மேற்கோள் இன்னும் கூடியிருக்கிறது! பல் போன வேதனையில் பயமும் போய்விட்டது. சொல்லிவிட்டேன்:

"துரை, மேற்கோள் என்பது கோர்ட்டில் சாட்சி மாதிரி. கூண்டில் ஏற்றினால் எதற்கு ஏற்றினோம் என்று முதலில் சொல்ல வேண்டும். பேச வேண்டியதை மட்டும் பேச விட வேண்டும். பேசி முடித்ததும், அது சொன்னதில் எந்தச் சொல்லால் வழக்கு நிற்கிறது என்று நாம் எடுத்துக் காட்ட வேண்டும். ஏற்றிவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடப் போகக் கூடாது. இருபது சாட்சி வேண்டாம். மூன்று போதும். அப்புறம், சாட்சி யார் என்று பெயர் சொல்ல வேண்டும். பெயரில்லாத சாட்சி செல்லாது."

அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம். இந்த ஜாதிக்கே இது ஒரு கோளாறு. திட்டினால் பாடம் என்று நினைக்கிறது.

"இதெல்லாம் புத்தகத்தில் செத்துக் கிடப்பவை. உங்கள் காதால் கேட்டது ஒன்றாவது உண்டா?" என்றேன். மட்டம் தட்டத்தான் கேட்டேன்.

"இருக்கு" என்று உள்ளே போய் ஒரு தாள் கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமை மாரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு நேரே லயத்துக்குப் போனாராம். அந்த ராக்காயியை எழுப்பி வாசலில் நிறுத்தி, நேற்றுப் பாடியதை மறுபடி பாடு என்றாராம். புதைத்த மறுநாள். பாடியிருக்கிறாள். துரை கேட்டால் பாடாமல் என்ன செய்வாள். இவர் நின்றபடியே எழுதிக்கொண்டாராம். பெருமையாகச் சொல்கிறார். வெட்கம் என்ற சொல்லுக்கு இவருக்கு நான் இன்னும் பொருள் சொல்லித் தரவில்லை போலும்.

தாளில் இரண்டு வரி:

பெரட்டுத் தப்படிச்சு பெரிய கங்காணி கூப்பிடையில
தொட்டில் அசையலையே கண்ணே, தொட்டுப் பாக்க விடலையே.

"விடலையே, யார்?" என்று கேட்டார்.

இலக்கணம் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. "எழுவாய் இந்த அடியில் இல்லை துரை. முந்தின அடியில் நிற்கிறது. கூப்பிட்டவர்தான் விடாதவரும். நேரே சொல்லாமல் சொல்லுகிறாள்" என்றேன். துள்ளிக் குதித்துவிட்டார்.

சேர்க்கட்டும். பெரும் புலவர்கள் வரிசையில் கடைசியாக 'இரண்டாம் லயத்து ராக்காயி' என்று வாசிக்கட்டும். கிளப்பில் துரைமார் சிரிப்பார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். "பெயர், லயம், எந்தக் கங்காணியின் ஆள், எல்லாம் சொல்லுங்கள். அதுதான் முறை" என்றேன்.

ஐப்பசி 14, திங்கள்

வெயில், அதிசயம். துணி காய்ந்தது.

கட்டுரை முடிந்தது. மூன்றே மேற்கோள். குறைக்கச் சொன்னபோதெல்லாம் பல் பிடுங்குகிற மாதிரி முகம் வைத்துக்கொண்டார். (எனக்கு அந்த முகம் இப்போது நன்றாகத் தெரியும்.) எழுந்து நின்று வாசித்துக் காட்டினார். முதல் இரண்டும் சுமார். மூன்றாவதில் நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்திருக்கிறார். எதற்குச் சொல்கிறேன் என்று முதலில், பிறகு வரிகள், பிறகு யார், எங்கே, பிறகு 'விடலையே'யின் எழுவாய் எங்கே என்று.

சரியாகச் செய்திருக்கிறார் என்பது எரிச்சலாக இருந்தது.

காசிம் நானா கடையில் அரைப் போத்தல் மண்ணெண்ணெய். தம் கடை மாடியில் குடியிருக்கிற எனக்கும் கூட்டித்தான் விற்கிறார்.

ஐப்பசி 20, ஞாயிறு

நேற்று மாலை கிளப். எழுதிவிடுகிறேன்.

என்னைப் பின் வராந்தாவில் இருத்தினார்கள், குதிரைக்காரர்களோடும் எடுபிடி ஆட்களோடும். ஒருக்களித்திருந்த கதவு வழியே கேட்டது. முதல் மேற்கோளுக்குக் கண்ணாடிக் கிளாஸ் சத்தம். இரண்டாவதுக்கு யாரோ கொட்டாவி. சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

மூன்றாவதைத் தமிழில் வாசித்தார். அவர் தமிழ் கேவலம். இருந்தும் உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. அந்தத் துரைமார் எல்லோருக்கும் தோட்டத்துத் தமிழ் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. புத்தகத்துச் செய்யுள் அவர்களுக்குப் புரியாது. பெரட்டு, தப்பு மேளம், கங்காணி, தொட்டில், எல்லாம் புரியும்.

பிறகு அவர் விளக்கம். பெயர். லயம். கங்காணி.

ஒரு டாக்டரின் மனைவி போலிருக்கிறது, மெல்லக் கேட்டாள்: "அந்தக் குழந்தையை யாராவது பார்த்தார்களா? மருந்து கொடுத்தார்களா?"

நாற்காலி தள்ளுகிற சத்தம். எங்கள் தோட்டத்துப் பெரியதுரை (பெ.து.) குரல்: "பாட்டுக்காரிகள் பாடுவார்கள், அம்மா. அதையெல்லாம் சாட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது."

சிரித்தார். கூடச் சிரித்தவர்கள் கொஞ்சம்.

குதிரைக்காரன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நல்ல பாட்டுங்கய்யா" என்றான்.

ஐப்பசி 21, திங்கள்

மழை. மலையேறினேன். சி.து. அறைக்கதவு சாத்தியிருந்தது. தலைவலியாம், பாடம் இல்லையாம். மாரிமுத்து குசினி வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் நேற்று பெ.து. ஆபீஸ் திறந்தாராம். பெரிய கங்காணி ராக்காயியையும் அவள் புருஷன் கருப்பனையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். 'நான் அப்படிப் பாடவே இல்லை, சின்னதொரைக்குக் காது சரியாக் கேக்கல' என்று துரை முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பெரிய கங்காணி முதலிலேயே சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்.

"அவ என்ன சொன்னா?"

"'பாடினேன் சாமி'ன்னா. அவ்வளவுதாங்க. புருஷங்காரன் இடிக்கிறான், சொல்லு புள்ள சொல்லு புள்ளன்னு. திரும்பவும் 'பாடினேன் சாமி'ன்னா."

சனிக்கிழமைக்குள் லயத்தைக் காலி செய்ய உத்தரவு. வேலையிலிருந்து விடுவிக்கிற பத்துச்சீட்டும் கிடையாது. அது இல்லாவிட்டால் வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. ரோட்டில் கிடக்க வேண்டியதுதான்.

"சின்னதொரை என்ன சொன்னார்?"

மாரிமுத்து சாத்தின கதவைப் பார்த்தான். "தலவலிங்க" என்றான்.

ஐப்பசி 22, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. பல் போன இடம் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

பெ.து.வை நினைத்தால் காறி உமிழத் தோன்றுகிறது. பெரிய கங்காணியை நினைத்தால் உமிழவும் மனம் வரவில்லை, எச்சில் வீண். சி.து. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். துக்கத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்தவர்.

காசிம் நானா படியேறி வந்தார். "என்ன வாத்தியார், சோறு அப்பிடியே ஈக்கிது?"

சொன்னேன். முழுதும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் விற்கிறவருக்கு இலக்கியம் எதற்கு?

கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார். "அந்தப் பொம்புளட பேரச் சொல்லாம ஈந்திருந்தா ஒண்டும் வந்தீக்காதே?"

"பெயர் சொல்லாவிட்டால் அது திருட்டு!" என்று கத்திவிட்டேன்.

"செரி, செரி" என்று இறங்கிப் போய்விட்டார். மடையன். மேற்கோளைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

மாலையில் யோசனை ஒன்று வந்தது. நல்ல யோசனை இல்லை. வேறு வரவில்லை.

ஐப்பசி 23, புதன்

வேட்டி துவைத்தது. கோட்டு. பொடிநடையாகத் தோட்டத்து ஆபீஸ். பாடம் இல்லாத நாளில் என்னைக் கண்டு கிளாக்கர் முழித்தார்.

பெ.து. மேசைக்கு அந்தப் பக்கம். உட்காரச் சொல்லவில்லை. இங்கிலீஷில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன், மறந்துவிட்டது. தமிழிலேயே சொன்னேன்.

"அந்தப் பாட்டை எழுதியது நான்."

"நீயா?"

"ஆமாம் துரை. கட்டுரை சிறக்க வேண்டும் என்று நான் கட்டிக் கொடுத்தேன். கூலிக்காரி ஒருத்தி பெயர் இருந்தால் நிஜம் போலத் தெரியும் என்று லயத்தில் யாரோ ஒருத்தியின் பெயரைப் போட்டேன். சின்னத்துரைக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. துரை முன்னால் பயத்தில் ஆமாம் என்று சொல்லியிருப்பாள்."

எவ்வளவு சுலபமாக வந்தது. 'எழுதியது நான்.' நூறு பாட்டு எழுதியபோதுகூட இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

சி.து.வைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தார். தலைவலி முகத்தில் தெரியவில்லை. பெ.து. இங்கிலீஷில் கேட்டார், முன்ஷி சொல்வது உண்மையா என்று. தானே போய்த் தன் காதால் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர். ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"முன்ஷி சொன்னால் அப்படித்தான் இருக்க வேண்டும்."

ஏமாந்தவன் என்ற பெயர் அவருக்கு வசதி. பொய் சொன்னார் என்று பழி இல்லை, தோட்டத்தைக் காட்டிக் கொடுத்தார் என்ற பழியும் இல்லை. இவருக்கு மேற்கோள் சொல்லித் தந்தேனே, முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று சொல்லித் தந்திருக்கலாம்.

பெ.து. வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய பாரம் இறங்கிய சிரிப்பு. கிளப்பில் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே! என்னை இனி இந்தத் தோட்டத்துப் பக்கம் காணக் கூடாது. மற்றத் தோட்டங்களுக்கும் சொல்லி அனுப்புவாராம். ராக்காயி இருக்கலாம், போகலாம், அவள் இஷ்டம்.

வாசலில் பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மரியாதையாக! பாதி வழி வந்த பிறகுதான் அந்த மரியாதை எதற்கு என்று உறைத்தது. உறைத்ததை உள்ளே தள்ளிவிட்டு நடந்தேன்.

பிழைப்புக்கு இனி என்ன: பள்ளிக்கூடத்தில் கேட்கலாம் (எடுக்க மாட்டார்கள்). கோர்ட்டு வாசலில் மனு எழுதலாம். திருச்சிக்கே திரும்பலாம் (எந்த முகத்தோடு).

ஐப்பசி 24, வியாழன்

பாடம் இல்லாத வியாழன். கால் தானாகவே தெமோதரைப் பாதைக்குத் திரும்பியது. கடைத்தெருவுக்கு இழுத்து வந்தேன்.

ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. வேலாயுதர் கோர்ட்டு வாசலில் என்னை மறித்தார்.

"என்ன காணும், துரைமாரையே ஏமாத்திப் பேய்க்காட்டிப் போட்டீராம்? அந்த ரெண்டு வரியையும் ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். அந்தாதியைப் படித்துக் காட்டியபோது மூடியது தூக்கத்தில். இது வேறு.

"உண்மையாச் சொல்லுறன், உம்மட அந்தாதி முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒண்டு கிடையாது. இதைச் சபையிலை வாசிக்க வேணும்."

மத்தியானத்துக்குள் தபால் கந்தோர்ப் பெரியவர் மனப்பாடம் செய்துவிட்டார். முத்திரை குத்திக்கொண்டே சொல்லிக் காட்டுகிறார், 'நம் முன்ஷியின் வாக்கு' என்று. என் பெயரில் ஊர் வாயில் புழங்குகிற வரிகள் இவை இரண்டுதான்.

மறுக்கவில்லை. மறுத்தால் காரியம் கெடும். அதுமட்டும் காரணம் என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை. அரை நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. நாற்றம் பிடித்த சந்தோஷம். இருந்தது இருந்ததுதான்.

ஐப்பசி 27, ஞாயிறு

சந்தை நாள். காலையில் தூறல். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே காசிம் நானா, "வாத்தியார், ஆள் வந்தீக்கி" என்று கூப்பிட்டார். படியேறி ஒருத்தி வந்தாள். தலையில் கோணிச்சாக்கு, சொட்டச் சொட்ட. முன்பின் பார்த்ததில்லை. நான் நினைத்ததைவிடச் சின்னவள். கருப்பன் கீழேயே மூட்டையோடு நின்றுவிட்டான்.

"பங்களாவுல பாடஞ் சொல்ற முன்ஷி நீங்கதானுங்களா?"

"ஆமாம். நீ?"

"ராக்காயி."

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கும்பிடுவாள், வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று கையைக்கூட லேசாகத் தூக்கினேன். தூக்கிய கையை எங்கே வைப்பதென்று பிறகு தெரியவில்லை.

"எம் பாட்ட நீங்க எழுதுனதாச் சொன்னீங்களாம்."

"உன்னை வெளியே தள்ளிவிடுவார்கள் என்றுதான் அம்மா..."

"என்னையக் கேட்டீங்களா?"

கையிலிருந்த பொத்தானைப் பார்த்தேன்.

"தொரை முன்னால நின்னு, பாடினேன்னு சொன்னேன். எம் புருஷன் கையக் கிள்ளுறாரு, அப்பயும் சொன்னேன். இப்ப லயத்துல என்ன பேச்சுத் தெரியுமா? முன்ஷி எழுதிக் குடுத்தத ராக்காயி பாடியிருக்கா. பெத்த புள்ளைக்கு அழுவக்கூட இவளுக்கு ஆள் எழுதிக் குடுக்கணும். அப்புடிப் பேசுறாங்க. எழவுக்கு என் கூடவே ஒக்காந்து மாரடிச்சவளும் பேசுறா."

"அவர்களுக்கு நீயே சொல்லலாமே, நான் பொய் சொன்னேன் என்று."

"சொன்னா யாரு கேப்பா? நீங்க படிச்சவரு." தலைச்சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாட்டு பொய்யின்னா அவரு வாசல்ல நின்னு கத்துனதும் பொய்யி. என்னைய உள்ள போக விடாததும் பொய்யி. பெரிய கங்காணி சிரிச்சுக்கிட்டுத் திரியிறாரு. 'கேட்டியா, எல்லாம் முன்ஷி கட்டுன கதை'ங்கிறாரு. அத ஒண்ணத்தான் அவரால இல்லேன்னு சொல்ல முடியாம இருந்துச்சு. நீங்க முடிச்சுக் குடுத்துட்டீங்க."

புதன்கிழமை பெரிய கங்காணி தலையாட்டியது அதற்குத்தான். தெரிந்தேதான் உள்ளே தள்ளியிருந்தேன்.

கீழிருந்து கருப்பன்: "வா புள்ள, வண்டி போயிரும்."

"ஹல்துமுல்லைப் பக்கம் எங்கண்ணன் இருக்கு. அங்க போறோம்" என்றாள். "பத்துச்சீட்டு குடுத்துட்டாங்க. அது ஒங்களாலதான் கெடச்சுச்சு. தெரியும். அதுக்கு ஒண்ணும் சொல்லல."

படியில் காலை வைத்தவள் திரும்பினாள்.

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்களாமே. அதுல ஒரு சொல்லு தப்பு."

"எது?"

"கண்ணேன்னு நான் பாடவே இல்ல. அந்த எடத்துல எம் புள்ள பேரு. தொரை வந்து கேட்டப்ப அத மட்டும் மாத்திச் சொன்னேன்."

பொத்தானை வைத்துவிட்டு நான் மேசைக்குப் போனதும், பேனாவை எடுத்ததும் எனக்கே தெரியாது. பிழையான பாடம் என்றால் திருத்த வேண்டும். முப்பது வருஷப் பழக்கம்.

"என்ன பெயர், அம்மா?"

பேனாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"சொல்ல மாட்டேன். அதையும் எழுதிக்குவீங்க."

இறங்கிப் போய்விட்டாள். ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். சாக்குகள் இரண்டு சந்தைக் கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தன. அப்புறம் தெரியவில்லை.

அவள் சொன்னது சரி. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.